உடைக்க முன் ஒருதரம் பார்ப்போம்

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளியேறி, 1996இல் திரும்பி வந்து ஒட்டித் திருத்திய வீடுகள் சண்டிலிப்பாயில் இன்றும் உண்டு. அங்கே தனித்துக் குடும்பத்தைச் சுமக்கும் சகோதரிகளிடம், குசினிக் குழாய் அடைத்தால், "நிலத்தை உடைக்கவேணும் அக்கா" என்பார்கள். நம்புவதைத் தவிர வழியில்லை.

இரைப்பைக்குள் வைத்தியர் விட்டுப் பார்ப்பது போன்ற கமரா இப்போது வீட்டுத் திருத்தத்துக்கும் உண்டு. நீண்ட வயரின் நுனியில் விரலிலும் மெல்லிய கமராவும் சிறு விளக்குகளும் இருக்கும். பொருத்தமான கைத்தொலைபேசியில் இணைத்தால் அடைப்பு எங்கே என்று திரையில் தெரியும். ஆறிய எஞ்சினில் பிளக்கைக் கழற்றிய துளை வழியே சிலிண்டரையும் பார்க்கலாம்.

நுனி நீர் புகாததா என்று கேட்டு வாங்குங்கள். மின்வயர் உள்ள இடத்தில் விடாதீர்கள். இறுகினால் பலமாக இழுக்க வேண்டாம்.

மாதர் சங்கம் ஒன்றை வாங்கி வைத்தால் ஊருக்கே உதவும். "தம்பி, முதலில் காட்டுங்கோ, பிறகு உடைப்பம்" என்று துணிந்து கேளுங்கள். கூலி கொடுப்பவர் நீங்கள்தானே!