ஹாஸ்கெல்: டைப் பொருந்தவில்லை என்று செய்தி வந்தால்...

"கணக்கு சரிதான் சார், கம்பைலர்தான் ஏற்க மாட்டேன் என்கிறது!" ஹாஸ்கெல் மொழியில் புரோகிராம் எழுதிப் பழகுபவர்கள் என்னிடம் இப்படித்தான் புலம்புகிறார்கள். 1990ல் வெளிவந்த இந்த மொழி, டைப் விஷயத்தில் மிகவும் கறார். ஓர் உதாரணம் பார்ப்போம்.

ஐந்து பாடங்களின் மதிப்பெண்களுக்குச் சராசரி வேண்டும். பட்டியலைக் கூட்ட 'ஸம்', அதில் எத்தனை எண்கள் உள்ளன என்று அறிய 'லெங்த்' ஆகிய ஃபங்ஷன்கள் தயாராகவே உள்ளன. முதலாவதை இரண்டாவதால் வகுக்கிறீர்கள். உடனே, 'எதிர்பார்த்த டைப் டபிள், வந்திருப்பது இன்ட்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பிழைச் செய்தி வருகிறது.

டபிள் என்பது தசமப் புள்ளியுடன் கூடிய எண். இன்ட் என்பது முழு எண். வகுத்தல் குறியின் இரு பக்கமும் ஒரே டைப் இருக்க வேண்டும். மதிப்பெண்களை டபிள் என்று அறிவித்திருக்கிறீர்கள்; லெங்த் தருவதோ எப்போதும் இன்ட். சந்தேகமிருந்தால் ஜிஹெச்சிஐயைத் திறந்து, முக்காற்புள்ளி, ஆங்கில 'டி' எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு லெங்த் என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். கடைசி அம்புக்குறிக்குப் பின்னால் இன்ட் என்றிருக்கும். பிழைச் செய்தி எதுவானாலும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

லெங்த் தரும் விடையை 'ஃப்ரம்இன்டெக்ரல்' என்ற ஃபங்ஷனுக்குள் அனுப்புங்கள். முழு எண், தேவையான டைப்புக்கு மாறிவிடும். லெங்த்தையும் பட்டியலின் பெயரையும் சேர்த்து அடைப்புக்குறிக்குள் போட மறக்காதீர்கள். இல்லையென்றால் விடைக்குப் பதில் லெங்த் ஃபங்ஷனே உள்ளே போய், வேறொரு பிழைச் செய்தி வரும்.

சிலர் எல்லாவற்றையும் இன்ட் ஆக்கி, 'டிவ்' கொண்டு வகுத்துவிடுகிறார்கள். பிழைச் செய்தி மறைந்துவிடும், கூடவே தசமமும் போய்விடும். மொத்தம் 442 என்றால் சராசரி 88.4 வரவேண்டும், டிவ் தருவது 88. சி மொழியில் இரண்டு முழு எண்களை வகுத்தாலும் இதே கதிதான், அங்கே கம்பைலர் தடுப்பதுமில்லை. கட் ஆஃப் மதிப்பெண் கணக்கிடும் புரோகிராமாக இருந்தால் என்ன ஆகும்?

இன்னொன்று. ஃபங்ஷனுக்கு மேலே அதன் டைப்பை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். கட்டாயமில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த வரி இல்லாவிட்டால் இதே பிழைக்கு, 'இன்ட் டைப்புக்கு ஃப்ராக்ஷனல் இல்லை' என்கிற மாதிரி ஒரு செய்தி வந்து தலை சுற்ற வைக்கும். அந்த வரி இருந்தால், எங்கே எது பொருந்தவில்லை என்று கம்பைலரே நேராகச் சொல்லிவிடும்.