உயில் எழுதி வைத்தீர்களா?

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்துவரும் நாங்கள், ஆண்டு தவறாமல் மார்ச் 31 அன்று இருப்பு எடுக்கிறோம். மிளகாய் வற்றல் எத்தனை மூட்டை, துவரம் பருப்பு எத்தனை மூட்டை, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று பைசா சுத்தமாக எழுதி வைக்கிறோம். ஆனால் நாம் கண்ணை மூடிய பிறகு இவையெல்லாம் யாருக்கு என்ற கணக்கை மட்டும் எழுதுவதே இல்லை. அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்டது வக்கீலும் அல்ல, ஆடிட்டரும் அல்ல. சட்டக் கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் வயிற்றுப் பேத்திதான் கேட்டாள்.

ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் குடும்பச் சட்டம் ஒரு கட்டாயப் பாடம். வாரிசுரிமை அதில் ஒரு பகுதி. விடுமுறைக்கு வந்தவள் கல்லாப் பக்கம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது, "தாத்தா, நீங்கள் கணக்கில் புலியாயிற்றே, இதற்குப் பங்கு பிரியுங்கள்" என்றாள். ஒருவர் சொந்தமாகச் சம்பாதித்த கட்டடத்தை விட்டு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு?

எங்களுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அது எங்கள் வீட்டுக் கணக்கு என்பது அவளுக்குத் தெரியாது.

எங்கள் தகப்பனார் 1986ல் காலமானபோது அவர் வாங்கிய கிட்டங்கியை அண்ணனும் நாங்களும் சரிபாதியாக வைத்துக்கொண்டோம். தாயாரைக் கேட்கவில்லை. கட்டிக்கொடுத்த தங்கையை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. தாயாரும் காலமான பின் 1998ல் கிட்டங்கியை விற்கப் போனோம். வாங்க வந்தவரின் வக்கீல், "தங்கையின் கையெழுத்து எங்கே?" என்று கேட்டார். கிரயம் நின்றது, முன்பணம் திரும்பிப் போனது. தங்கை சொன்ன வார்த்தை இன்றும் காதில் ஒலிக்கிறது: "கேட்டிருந்தால் அன்றைக்கே சும்மா போட்டுத் தந்திருப்பேன். என்னை ஆளாகவே நினைக்கவில்லையே!" சமாதானம் ஆக ஆறு ஆண்டுகள் ஆயின. இடையில் அவள் வீட்டில் நடந்த கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை, அவர்களும் அழைக்கவில்லை. அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பனார் இறந்த அன்றே தாயாருக்கும் பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கு நாலில் ஒன்று. உயில் எழுதாமல் தாயார் இறந்ததும் அவர் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் போய், ஆளுக்கு மூன்றில் ஒன்று ஆகிவிட்டது. மகனை இழந்த தாய் உயிரோடு இருந்தால், மருமகளோடும் பேரப் பிள்ளைகளோடும் அவருக்கும் சமபங்கு உண்டு. இதை நம்மில் பலர் அறிவதில்லை.

பூர்வீகச் சொத்திலும் பெண்ணுக்குப் பிறப்புரிமை உண்டு. தமிழ்நாட்டில் அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்கு 1989லேயே இந்த உரிமை வந்தது. 2005ல் மத்திய சட்டம் எல்லா மகள்களுக்கும் அதைத் தந்தது. தகப்பனார் 2005ல் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாகப் பாகமானவை விதிவிலக்கு.

உயில் எழுதுவது பெரிய வித்தை அல்ல. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. எழுதுபவர் தெளிந்த புத்தியோடு கையெழுத்திட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்து, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே நம்மைவிட வயதில் இளையவர்களைச் சாட்சியாகப் போடுவது புத்திசாலித்தனம். சொத்து பெறுபவரையே சாட்சியாக்குவது சந்தேகத்துக்கு இடம் தரும். கிறிஸ்தவ அன்பர்கள் விஷயத்தில் அப்படிச் செய்தால் சாட்சிக்கு எழுதியதே செல்லாமல் போகும். உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே நிற்கும். பூர்வீகச் சொத்தில் நம் பங்கை மட்டுமே எழுத முடியும். இஸ்லாமிய அன்பர்கள் பொதுவாக மூன்றில் ஒரு பாகம்வரைதான் உயிலால் கொடுக்கலாம்.

வியாபாரிகளான நாம் கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு.

முதலாவது, நாமினி. வங்கிப் பணத்தை நாமினி வாங்கலாமே தவிர, அது அவருக்கே சொந்தம் ஆகிவிடாது. வாரிசுகளுக்காக வாங்கி வைக்கும் பொறுப்பாளர்தான் அவர். ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பின் மனைவி, பிள்ளைகள், பெற்றோரை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களையே சேரும்.

இரண்டாவது, கூட்டு வியாபாரம். 1932ஆம் ஆண்டுப் பங்குதாரர் சட்டப்படி, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் ஒரு பங்காளி இறந்ததும் கூட்டு கலைந்துவிடும். மூவரோ அதற்கு மேலோ இருந்தால், மீதிப் பேர் தொடர்ந்து நடத்தலாம் என்ற ஷரத்தைப் பத்திரத்தில் சேர்க்க வேண்டும். இருவர் மட்டும் என்றால், ஒருவர் போனபின் கூட்டு ஏது?

மூன்றாவது, வரவேண்டிய பாக்கி. இறந்தவருக்கு வரவேண்டிய கடனுக்கு வாரிசுகள் வழக்குப் போட்டால், தாசில்தார் தரும் வாரிசுச் சான்று மட்டும் போதாது. கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டிவரும். கடனாளி அதற்குள் கடையை மாற்றிவிடலாம். பற்று வரவு நோட்டில் கடனாளியின் கையெழுத்து வாங்கி வைப்பது பிள்ளைகளுக்கு நாம் செய்யும் பேருதவி.

நான்காவது, உரிமங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் உரிமையாளர் இறந்தபின் 90 நாள் செல்லும். அதற்குள் வாரிசு தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஜி.எஸ்.டி.யில் தனி உரிமையாளர் இறந்தால் வாரிசு புதிய பதிவு எடுக்க வேண்டும். துக்க வீட்டில் இதெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்? ஒரு தாளில் எழுதி உயிலோடு வைத்துவிடலாம்.

இவ்வளவையும் சொல்லி முடித்த பேத்தி, "நீங்கள் எழுதிவிட்டீர்களா, தாத்தா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வெட்கமாயிருந்தது. அடுத்த வாரமே எழுதினோம். கடையை நடத்தும் மகனுக்குக் கடை. மகளுக்கு அதற்கு ஈடாக வீடு. மனைவி உள்ளவரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமை. எழுதுமுன் மகனையும் மகளையும் எதிரெதிரே உட்கார வைத்துப் படித்துக் காட்டினோம். மகன் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரிதான் அப்பா, அத்தைக்கு நேர்ந்தது அக்காளுக்கு நேரவேண்டாம்" என்றான்.

கணக்கப்பிள்ளையும் பக்கத்துக் கடைத் தம்பியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பதிவும் செய்தாயிற்று. தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னோம். "இப்போதாவது புத்தி வந்ததே அண்ணே" என்று சிரித்தாள்.

வணிகப் பெருமக்களே! உயில் எழுதினால் ஆயுசு குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். இன்சூரன்ஸ் எடுத்தால் கடை தீப்பிடிக்குமா என்ன? அடுத்த இருப்பு எடுக்கும் நாளில் இதையும் ஒரு வேலையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல வக்கீல் ஒருவரிடம் அரைமணி நேரம் பேசுங்கள். நாம் சேர்த்த சொத்து பிள்ளைகளைச் சேர்த்து வைக்கட்டும்.