மூடிய பேரிங்குக்குள் துரு

லாரி, பஸ், ஜீப் போன்ற வண்டிகளில் கியர் பெட்டியின் சுழற்சியைப் பின்அச்சுக்குக் கொண்டுபோகும் நீண்ட எஃகுக் குழாய் புரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் இரு முனைகளிலும் கூட்டல் குறி வடிவில் ஒரு துண்டு இருக்கும். பட்டறைகளில் அதற்குக் ‘கிராஸ்’ என்று பெயர். கிராஸின் நான்கு கைகளுக்கும் தொப்பி மாட்டியதுபோல நான்கு கப்புகள் உண்டு. ஒவ்வொரு கப்புக்குள்ளும் தீக்குச்சிப் பருமனில் இருபது முப்பது எஃகு உருளைகள் சுவரை ஒட்டி வரிசையாக நிற்கும். இதுதான் நீடில் பேரிங். ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் நடுவில் ரப்பர் வளையத்தில் தொங்கும் ‘சென்டர் பேரிங்’ ஒன்றும் சேரும். முன்சக்கரத்தால் இழுக்கப்படும் கார்களில் கிராஸுக்குப் பதிலாக, ரப்பர் உறைக்குள் குண்டுகள் ஓடும் இணைப்பும், சக்கரத்தின் நடுவே மூடிய பேரிங்கும் இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை இப்போது ஆலையிலேயே கிரீஸ் நிரப்பி, ரப்பர் சீல் போட்டு மூடி அனுப்பப்படுகின்றன.

இந்தக் கிராஸ் வகை இணைப்புக்கு இத்தாலியரான கார்டானோ, ஆங்கிலேயரான ராபர்ட் ஹூக் ஆகிய இருவர் பெயரும் வழங்குகிறது. காருக்கு ஏற்றதாக அதை மாற்றி, மண்ணும் தூசியும் புகாமல் மூடி, 1903இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர். அதற்கு முன் பல கார்களின் சக்கரங்களை சைக்கிள்போலச் சங்கிலிதான் ஓட்டியது. சேறு பட்டுச் சங்கிலி தேய்வது அன்றாடத் தொல்லை. ஆக, மூடிவைப்பது என்ற எண்ணம் இந்த இணைப்போடு கூடவே பிறந்தது. ஆனால் மூடிவைத்தால் துரு வராது என்று அர்த்தமில்லை.

பேரிங் எஃகு ஏன் துருப்பிடிக்கிறது என்பதற்கு விடை அதன் கலவையிலேயே இருக்கிறது. குண்டுகளும் உருளைகளும் அவை ஓடும் தடமும் பெரும்பாலும் 1 சதவீதம் கரியும் 1.5 சதவீதம் குரோமியமும் கலந்த எஃகால் ஆனவை. கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமானது, பல டன் பாரத்தையும் தாங்கும். ஆனால் எவர்சில்வராக வேண்டுமானால் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதமாவது வேண்டும். எனவே பளபளவென்று மின்னும் பேரிங், துரு விஷயத்தில் சாதாரண ஆணியைவிடப் பெரிதாக மேலானதல்ல. வெறுங்கையால் தொட்ட புது பேரிங்கில், வியர்வை உப்பு பட்ட இடத்தில் சில நாளில் கைரேகை அப்படியே துருவாகப் பதிந்துவிடும். எண்ணெய்க் காகிதத்திலோ பிளாஸ்டிக் உறையிலோ வரும் பேரிங்கைப் பொருத்தும் நிமிடம்வரை பிரிக்கக்கூடாது என்று பழைய மெக்கானிக்குகள் பையன்களை அதட்டுவது இதனால்தான்.

எஃகைக் காப்பது அதன்மேல் படர்ந்திருக்கும் கிரீஸ் படலம் ஒன்றுதான். அந்தப் படலம் விலகிய இடத்தில் ஒரு துளி நீர் தங்கினால் என்ன நடக்கும் என்பதைக் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி யூலிக் எவன்ஸ் எளிய சோதனையில் காட்டினார். இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டால், துளியின் விளிம்பில் காற்றிலிருந்து ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும், நடுவில் கிடைக்காது. இந்த வேறுபாட்டால் துளியே ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத நடுப்பகுதியில் இரும்பு கரைந்து குழி விழுகிறது. உருளையும் தடமும் தொடும் இடம் மயிரிழை இடுக்கு. அங்கே ஒதுங்கும் நீர் எவன்ஸின் துளியைப் போலத்தான்: காற்று புகாத நடுவில், அதாவது பாரம் முழுவதும் இறங்கும் இடத்திலேயே, குழி விழும்.

குழி சிறியதாக இருக்கலாம், விளைவு சிறியதல்ல. உருளை ஒவ்வொரு முறை அதன்மேல் ஏறி இறங்கும்போதும் அழுத்தம் குழியின் ஓரத்தில் குவிகிறது. அங்கே விரிசல் தொடங்கி, செதிலாகப் பெயர்கிறது. துருவோ தான் பிறந்த இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். இடுக்கை அடைத்து, உதிர்ந்து, கிரீஸில் கலந்து, உப்புத்தாள்போலத் தேய்க்கும். கண்ணுக்குத் தெரியும் துரு வருவதற்கு முன்னாலேயே சேதம் தொடங்கிவிடுகிறது என்பதுதான் விசேஷம். டிம்கென் பேரிங் நிறுவனத்தின் ரிச்சர்ட் கேன்ட்லி 1977இல் வெளியிட்ட ஆய்வின்படி, மசகெண்ணெயில் நீர் 0.01 சதவீதத்திலிருந்து 0.04 சதவீதம் ஆனாலே பேரிங்கின் ஆயுள் பாதிக்கும் கீழே போகிறது.

சரி, சீல் போட்டு மூடியதற்குள் நீர் எப்படிப் போகிறது? சீல் என்பது உலோக வளையத்தில் ஒட்டிய ரப்பர் உதடு. அது சுழலும் பாகத்தை மெல்ல அழுத்தியபடி உரசிக்கொண்டிருக்கும். இறுக்கமாக அழுத்தினால் உராய்ந்து சூடாகித் தேயும், தளர்ந்தால் கசியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்தான் சீல். உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறாமல் பிடித்துவைப்பதில் அது கெட்டிதான். வெளியே இருக்கும் தண்ணீரை நாள்கணக்கில் தடுத்து நிறுத்துவது அதன் பலம் அல்ல.

இதில் வெப்பம் ஒரு விளையாட்டு விளையாடுகிறது. பேரிங்குக்குள் கிரீஸ் முழுவதுமாக நிரப்பப்படுவதில்லை. காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே போடுவார்கள், மிச்சம் காற்று. வண்டி நெடுந்தூரம் ஓடி பேரிங் 70 பாகை செல்சியஸுக்குச் சூடாகியிருக்கும்போது, உள்ளே விரிந்த காற்றில் கொஞ்சம் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியேறியிருக்கும். அந்த நிலையில் வண்டி 30 பாகைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே எஞ்சிய காற்று சட்டென்று சுருங்கும். அழுத்தம் சுமார் 12 சதவீதம் குறையும். ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் முக்கிவைத்தால் வெளியிலிருந்து எவ்வளவு அழுத்தம் வருமோ, கிட்டத்தட்ட அவ்வளவு உறிஞ்சல் அந்த நொடியில் சீலின்மேல் விழுகிறது. முழங்கால் ஆழத் தண்ணீர்தானே என்று ஓட்டுநர் நினைக்கலாம். பேரிங்குக்கு அது அதைவிட ஆழம். ஒவ்வொரு முறையும் சில சொட்டுகள் போதும். ஓடிச் சூடாகி, நனைந்து ஆறி, மறுபடி சூடாகி, பேரிங் இப்படி மூச்சுவிடுகிறது. மூச்சில் வந்த நீர் கிரீஸோடு கலந்து அதை மோர்போல வெளுக்கவைக்கும்.

தனுஷ்கோடிக்கு 2017இல் தார்ச்சாலை திறக்கப்படும்வரை முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்சென்றவை நான்கு சக்கரமும் இழுக்கும் வேன்களும் ஜீப்புகளும்தான். ஈரமணலில் முக்கி முனகி ஏறி, சூடான அச்சோடு கடல்நீர்த் தேக்கத்தில் இறங்கி, மறுபடி மணலேறும் பாதை அது. மூடிய பேரிங்குக்கு அதைவிடக் கடுமையான சோதனைக் களத்தை ஆய்வுக்கூடத்தில் அமைப்பதுகூடக் கடினம்.

கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 3.5 சதவீதம். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் துருவின் வேகம் கூடுகிறது. அதைவிட நயமான தொல்லை ஒன்று உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரையும். மழைக்காலத்தில் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லுப்பு ஜாடி கசிவதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். கடலுப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். அதனால் கடலோர ஊர்களில், வெயிலில் காய்ந்து நின்ற வண்டிகூட இரவில் சீலின் விளிம்பில் நனையத் தொடங்கிவிடும். குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு செய்யும் வேலையும் இதுவேதான். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் கடலோர ஆய்வுக்களம் வைத்து உலோகத் தகடுகள் அரிபடுவதை அளந்துவருகிறது. இந்தியாவுக்கான அரிமான வரைபடத்தையும் தயாரித்தது அந்நிறுவனமே. கரையிலிருந்து விலக விலகக் காற்றில் உப்பும் அரிமானமும் மளமளவென்று குறையும் என்பது இத்தகைய அளவீடுகள் தரும் பாடம்.

ஓடும் பேரிங்கைவிட நிற்கும் பேரிங்கில்தான் துரு அதிகம் ஏறுகிறது. ஓடும்போது கிரீஸ் புரண்டு புரண்டு எஃகின்மேல் படலம் புதுப்பிக்கப்படுகிறது. நிற்கும்போது நீர் கீழே வடிந்து, உருளை தடத்தைத் தொடும் கோட்டில் தேங்குகிறது. பழுதான பேரிங்கைப் பிரித்தால், உருளைகளின் இடைவெளிக்குச் சரியாக, சீப்புப் பல்போல வரிவரியாகக் கறுத்த தடங்கள் தெரியும். நின்ற இடத்திலேயே பிடித்த துரு அது.

இதே தோற்றத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். 1930களில் அமெரிக்காவில் ரயிலேற்றி அனுப்பிய புதுக் கார்களில், ஒரு மைல்கூட ஓடாத சக்கர பேரிங்குகள் பள்ளம் விழுந்து வந்திறங்கின. சக்கரம் உருளாமல் ரயிலின் அதிர்வில் மட்டும் துடித்துக்கொண்டிருந்ததால், குண்டுகள் நின்ற இடத்திலேயே உரசிக் கிரீஸைப் பிதுக்கி விலக்கிவிட்டன. அதில் உதிரும் தூளும் செம்பழுப்பு நிறம்தான், ஆனால் காரணம் தண்ணீரல்ல. கிராஸில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு, ஏனென்றால் அதன் உருளைகள் முழுச்சுற்று சுற்றுவதே இல்லை. ஷாஃப்ட்டின் சாய்வுக்கேற்பச் சில பாகை முன்னும் பின்னும் அசைவதோடு சரி. அதனால் ஷாஃப்ட்டை நேர்கோட்டில் வைக்காமல், வேண்டுமென்றே அரைப் பாகையாவது சாய்த்துப் பொருத்துகிறார்கள்.

தயாரிப்பாளர்கள் துருவைப் பல அரண்கள் வைத்து எதிர்க்கிறார்கள். ஒற்றை உதட்டுக்குப் பதில் இரண்டு மூன்று உதடுகள் கொண்ட சீல்; அதற்கு வெளியே, சுழலும்போது நீரையும் சேற்றையும் உதறியெறியும் தகடு; வெளிப்புறத்தில் துத்தநாகமும் நிக்கலும் கலந்த முலாம். ஆனால் தேர்வில் அதிகம் கவனிக்கவேண்டியது கிரீஸைத்தான். கிரீஸ் என்பது எண்ணெயைப் பஞ்சுபோல உறிஞ்சிவைத்திருக்கும் ஒரு சோப்பு. அந்தச் சோப்பு சோடியத்தில் செய்ததானால் குளியல் சோப்புபோலவே நீரில் கரைந்துபோகும். கால்சியம் சோப்பு நீருக்கு அசையாது, ஆனால் பழைய வகை சூட்டில் இளகிவிடும். இரண்டுக்கும் ஈடுகொடுத்ததால்தான் 1940களில் வந்த லித்தியம் கிரீஸ் உலகெங்கும் பரவியது. கடல்நீர் படும் இடங்களுக்குக் கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் அதைவிட மேல். துருவைத் தடுக்கும் குணம் அதன் சோப்பிலேயே இருக்கிறது. வகை தெரியாமல் ஒன்றின்மேல் ஒன்றை அடிப்பது ஆபத்து. சில ஜோடிகள் கலந்தால் இளகி எண்ணெயாக ஓடிவிடும்.

கிரீஸின் துருத்தடுப்பை அளக்க ‘எம்கோர்’ என்றொரு சோதனை உண்டு. அந்தக் கிரீஸ் பூசிய பேரிங்கைப் பாதி நீரில் நிறுத்தி, ஒரு வாரம் ஓட்டியும் நிறுத்தியும் வைத்து, பிறகு தடத்தைப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறாக, இங்கே பூஜ்ஜியம் வாங்கினால்தான் பாஸ். நல்லநீரில் பூஜ்ஜியம் வாங்கும் கிரீஸ் உப்புநீரில் தோற்பதும் உண்டு.

‘ஆயுளுக்கும் கிரீஸ் வேண்டாம்’ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் அது வண்டியின் ஆயுள் அல்ல, அந்த பேரிங்கின் ஆயுள். கிரீஸ் தீர்ந்த அன்று பேரிங்கும் தீர்ந்தது. தொளி உழவில் சேற்றுக்குள் சுற்றும் ரோட்டவேட்டரின் ஷாஃப்ட் கிராஸில், கிரீஸ் அடிக்கும் வாயான நிப்பிளை இன்னும் வைத்திருப்பது பழமைப்பற்றால் அல்ல. நான்கு கப்புகளின் ஓரத்திலும் புதுக் கிரீஸ் பிதுங்கும்வரை கிரீஸ் கன்னை அழுத்தினால், உள்ளே போன சேற்றுநீர் பழைய கிரீஸோடு வெளியே வந்துவிடும். மூடிய வகையில் அந்த வழி கிடையாது. ஆகவே தினமும் தண்ணீரில் இறங்கும் வண்டிக்கு நிப்பிள் வைத்த கிராஸே உசத்தி. தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு மூடிய வகை நல்லது, நிப்பிள் இருந்தும் கிரீஸ் அடிக்க மறப்பதே வழக்கம் என்பதால்.

சொந்தக்காரர் கையில் இருக்கும் காவல்கள் எளிமையானவை, ஆனால் பெரும்பாலும் தலைகீழாகவே செய்யப்படுகின்றன. வாட்டர் சர்வீஸில் அழுக்கு சேர்ந்த சீலைப் பார்த்துத்தான் பீச்சுவார்கள். பத்து மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து வரும் குழாய்நீரின் அழுத்தம் 1 பார். வீட்டில் வைத்துக்கொள்ளும் பீச்சுக்கருவியே 100 பாரைத் தாண்டும். எந்த ரப்பர் உதடும் அதற்கு நேர் நிற்காது. ஓடிவந்த சூட்டோடு கழுவுவது இன்னும் மோசம். கடற்கரை மணலிலோ மீன், உப்பு ஏற்றியோ போய்வந்த வண்டியை முதலில் அரைமணி நேரம் ஆறவிட்டு, சாதாரணக் குழாயில் நல்லநீரால் அடிப்பகுதியை அலசி, பிறகு சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துவது சரியான முறை. அலசல் உப்பை எடுக்கும். ஓட்டம் கிரீஸைப் புரட்டும்.

துரு பிடிக்காமலிருக்க அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடிக்கும் வழக்கமும் பரவலாக உண்டு. இரும்புக்கு அது கொஞ்சம் உதவும், ரப்பருக்கு உதவாது. பேரிங் சீல்கள் பெரும்பாலும் எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் என்பதால் தப்பிக்கும். சென்டர் பேரிங்கைத் தாங்கும் வளையம் இயற்கை ரப்பரானால் எண்ணெய் பட்டு உப்பி இளகும். பிறகு ஷாஃப்ட் ஆடி, அந்த ஆட்டத்தில் சீல் தேய்ந்து, துருவுக்குக் கதவு திறந்துவிடும். மூடிய பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவுவதும் அப்படித்தான். அழுக்கோடு சேர்த்து ஆலையில் போட்ட கிரீஸையும் கரைத்துவிடும்.

சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் நாள்கணக்கில் நீரில் நின்ற வண்டிகளுக்கு எஞ்சினும் மின்கம்பிகளும் முதலில் பார்க்கப்பட்டன. அது நியாயம்தான். ஆனால் மூழ்கி நின்ற கிராஸும் சக்கர பேரிங்கும் அன்று சத்தம் போடாது. குழி விழுந்து, செதில் பெயர்ந்து, சில மாதம் கழித்துத்தான் குரல் கொடுக்கும். கிராஸ் வறண்டால் வண்டி மெதுவாக நகரும்போது குருவி கத்துவதுபோலக் கீச்சுக்கீச்சென்று கேட்கும். வேகம் கூடினால் கீச்சும் வேகமாகும். கப்பின் ஓரத்தில் செம்பழுப்புப் பொடி அப்பியிருக்கும். அடுத்த கட்டத்தில் கியர் மாற்றும்போது ‘டக்’கென்று இடிக்கும். குழி விழுந்த கிராஸுக்கு மேலும் கிரீஸ் அடித்துப் பயனில்லை. நான்கு கப்போடு முழு கிராஸையும் மாற்ற வேண்டும், பழைய கையில் புதுக் கப்பை மாட்டினால் அதுவும் கெடும். ஓடும் வண்டியில் முன்பக்க கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட்டின் முனை தரையில் குத்தி வண்டியையே தூக்கி எறியக்கூடும்; அந்த ஆபத்துக்காகத்தான் ஷாஃப்ட்டைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டுகிறார்கள். கீச்சொலி கேட்ட அன்றே வண்டியைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.