அடுத்த ஊசிக்கு முன் எலும்பைப் பாருங்கள்

மாதவிடாய் நின்று பல வருடங்களான பெண்களுக்கு இடுப்பிலிருந்து கால்வரை சுண்டி இழுக்கும் வலி வருவது சகஜம். மாத்திரைக்கும் பிசியோதெரபிக்கும் அது அடங்காவிட்டால், தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நரம்பைச் சுற்றிய வீக்கம் வடிந்தால் ராத்திரி தூக்கம் வரும். அந்த நிம்மதி பெரிது. ஆனால் வலி திரும்பி, இரண்டாவது, மூன்றாவது ஊசிக்குப் போகும்போதும் எலும்பின் பேச்சே எழாமல் போவதுதான் என் கவலை.

எலும்புக்குள் நடப்பது

மருந்து போட்ட இடத்திலேயே நிற்பதில்லை, ரத்தத்திலும் கலக்கிறது. எலும்பு ஓயாமல் அரிக்கப்பட்டு, ஓயாமல் புதிதாகக் கட்டப்படும் திசு. ஸ்டீராய்டு கட்டும் செல்களை ஒடுக்கி, அரிக்கும் செல்களின் ஆயுளை நீட்டுகிறது. குடல் உறிஞ்சும் கால்சியமும் குறைகிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வற்றிய உடம்பில் இது இரட்டை அடி. துளைகள் நிறைந்த முதுகெலும்பு முதலில் பலவீனமாகிறது.

டெட்ராய்ட் ஆய்வுகள்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள், மாதவிடாய் நின்ற 28 பெண்களுக்கு ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு 80 மில்லிகிராம் கொண்ட ஊசி ஒன்று போட்ட பிறகு எலும்பு அடர்த்தியை அளந்தார்கள். ஆறே மாதத்தில் இடுப்பெலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது. 2013இல் அதே மருத்துவமனையிலிருந்து வந்த ஆய்வு, ஊசி போட்டுக்கொண்ட 3,000 பேரைப் போட்டுக்கொள்ளாத 3,000 பேரோடு ஒப்பிட்டது. ஒவ்வொரு கூடுதல் ஊசிக்கும் முதுகெலும்பு முறிவின் அபாயம் 21 சதவீதம் கூடியது. பழைய பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் இதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. அலட்சியம் செய்யவும் முடியாது.

பலன் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். தண்டுவடப் பாதை குறுகிய 400 பேரிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், மரத்துப்போகச் செய்யும் மருந்தை மட்டும் பெற்றவர்களுக்கும் அதோடு ஸ்டீராய்டும் பெற்றவர்களுக்கும் ஆறு வாரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

முழங்காலில் போட்ட ஊசி, ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரை எல்லாம் ஒரே கணக்கில்தான் சேரும். தேதியோடு எழுதிக் கொண்டுபோங்கள். முன்பு கணுக்காலோடு நின்ற நைட்டி இப்போது தரையில் புரள்கிறதா? உயரம் குறைந்திருக்கலாம். தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதும் முதுகில் சுளீரென்று பிடித்த வலி, எலும்பு நொறுங்கியதாலேயே வந்திருக்கலாம். எக்ஸ்ரே பார்க்காமல் அதற்கு ஊசி வேண்டாம்.

எலும்பு அடர்த்தியை அளக்கும் 'டெக்ஸா' ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. அப்போது கால்சியம் மாத்திரை மட்டும் போதாது. வைட்டமின் டி அளவைப் பார்த்து, எலும்புக்கென்றே உள்ள மருந்தை டாக்டர் தொடங்க வேண்டியிருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும், அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.