காஷன் டெபாசிட் யாருடைய பணம்?

கோடை மாதங்களில் கொடைக்கானலிலோ உதகையிலோ இரண்டு நாள் தங்குவதற்கென ஒரு காட்டேஜை அமர்த்தும் குடும்பத்தார், வாடகையோடு காஷன் டெபாசிட் என்று ஒரு தொகையையும் கட்டி, புறப்படும் வேளையில் போர்வைக் கறைக்கும் குளியலறைக் கண்ணாடியின் விரிசலுக்குமாக அதில் பாதி கழிந்துவிட்டதென்று கேர்டேக்கர் சொல்லக் கேட்டு வெகுண்டெழுவது சர்வசாதாரணமாகிவிட்டது. வீட்டுக்காரருக்கும் சங்கடம் உண்டு. அன்று மதியமே அடுத்த விருந்தினர் வந்து நிற்பாராதலின், சேதத்தை ஆற அமர ஆராய அவருக்கு அவகாசமில்லை.

ஒப்பந்தத்தை மீறினால் இன்ன தொகை என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டாலும், அத்தொகைக்கு மேற்படாத நியாயமான நஷ்டஈடு மட்டுமே கிடைக்கும் என்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. டெபாசிட்டைப் பறிமுதல் செய்வதற்கும் அவ்விதி பொருந்தும் என்று 1963இல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. நஷ்டமே நேராதவிடத்து அப்பிரிவின்கீழ் ஈடு கோர இடமில்லை என்று 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் தெளிவுபடுத்திற்று. இரண்டும் நிலம் சம்பந்தமான வழக்குகளே. ஆயினும் சுவரில் 'சிகரெட் பிடித்தால் ஐயாயிரம்' என்று பலகை மாட்டியிருப்பவர், அது உச்சவரம்பேயன்றி விலைப்பட்டியல் அன்று என்பதை இவற்றிலிருந்து அறியலாம்.

நாட்பட்ட புழக்கத்தில் மங்கிய திரைச்சீலைக்கு விருந்தினர் பொறுப்பாகார். ஐந்தாண்டு ஓடிய தொலைக்காட்சியை உடைத்தவரிடமும் புதியதன் விலையைக் கேட்பது, தேய்மானத்தைக் கழிக்காதவரையில், என் மதிப்பில் அநியாயமே. விவாதமெல்லாம் பிரமாணத்தில்தான் வந்து முடிகிறது: சாவி கைமாறும்போதும் திரும்பும்போதும் அறைகளை இரு தரப்பாரும் கைபேசியில் படம் பிடித்து, நாளும் நேரமும் விளங்க வாட்ஸ்அப்பில் பரிமாறிக்கொண்டால், வழக்கிற்குப் பெரும்பாலும் வேலையிராது.

ஏர்பிஎன்பி தளத்திலோ, பெரும்பாலான வீட்டுக்காரர்கள் தனியே டெபாசிட் வாங்க அனுமதியில்லை. விருந்தினர் வெளியேறிய 14 நாட்களுக்குள் வீட்டுக்காரர் படங்களுடனும் பில்களுடனும் தளத்தின் வழியே ஈடு கோரவேண்டும். விருந்தினர் 24 மணி நேரத்துக்குள் இணங்காவிடில் நிறுவனத்தைத் தலையிடக் கேட்கலாம். 30 லட்சம் டாலர் வரை பாதுகாப்பு என்று பறைசாற்றினும், ரொக்கப் பணமும் சாதாரணத் தேய்மானமும் அதில் அடங்கா.

நேரடியாகக் கட்டிய டெபாசிட் திரும்பாதபோது, தங்குமிடமும் சேவையே என்று கொள்ளும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இரண்டாண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் அளிக்கலாம். ரசீது கேட்கக் கூச்சப்பட்டு ரொக்கமாகக் கொடுத்தவர்க்கு அங்கே சிரமம் அதிகம். ஜிபே செய்தவரிடம் வரவுசெலவின் சாட்சியமேனும் இருக்கும்.