சாலைக்கு நிலம் எடுக்கும்போது

ஊருக்கு நல்ல சாலை வேண்டும். இதை யாரும் மறுப்பதில்லை. ஆம்புலன்ஸ் விரைந்து வர வேண்டும். காய்கறி வாடுவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் சாலை வானத்தில் போவதில்லை. அது யாரோ ஒருவருடைய வயலின் மேல்தான் போகிறது. யாரோ ஒருவருடைய கடை வாசலைத்தான் எடுத்துக்கொள்கிறது.

அப்படி எடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டா? நிலத்துக்காரர் "தர மாட்டேன்" என்று சொல்ல முடியுமா? விலையை யார் முடிவு செய்வது? விலை போதாவிட்டால் யாரிடம் போவது? நெடுஞ்சாலை ஓரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் இவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரசின் அதிகாரம்

பொதுக் காரியத்துக்காகத் தனியார் நிலத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அரசுக்கு உண்டு. வெள்ளைக்காரர் ஆட்சியில் 1894-ஆம் ஆண்டு இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. நாடு விடுதலை அடைந்த பிறகும் அந்தச் சட்டமே நீடித்தது. 2013-இல் புதிய நில எடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2014 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

சொத்துரிமை ஒரு காலத்தில் அடிப்படை உரிமையாக இருந்தது. 1978-இல் நிறைவேறிய 44-வது அரசியல் சட்டத் திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் பாதுகாப்பு முழுவதும் போய்விடவில்லை. அரசியல் சட்டத்தின் 300-அ பிரிவு இருக்கிறது. சட்டத்தின் துணை இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்பது அதன் பொருள்.

ஆகவே "தர மாட்டேன்" என்று மட்டும் சொல்லிச் சாலையை நிறுத்த முடியாது. ஆனால் "சட்டப்படி எடுங்கள், சட்டப்படி பணம் கொடுங்கள்" என்று ஒவ்வொருவரும் கேட்கலாம்.

தேசிய நெடுஞ்சாலைக்குத் தனிச் சட்டம்

தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நிலம் எடுப்பதற்கான பிரிவுகள் 1997-இல் அதில் சேர்க்கப்பட்டன. டில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலை இந்தப் பிரிவுகள் வந்த பிறகு போடப்பட்டது. அதன் நீளம் 5,846 கிலோமீட்டர். மாநில நெடுஞ்சாலைகளுக்கு நிலம் எடுக்கும் முறை வேறு. இங்கே சொல்லப்படுவது தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டுமே உரியது.

முதல் படி: அறிவிக்கை. இன்ன கிராமத்தில், இன்ன சர்வே எண்ணில், இவ்வளவு நிலம் தேவை என்று மத்திய அரசு தன் அரசிதழில் வெளியிடும். அதன் சுருக்கம் உள்ளூரில் வரும் இரண்டு செய்தித்தாள்களிலும் வர வேண்டும். அவற்றில் ஒன்று அந்த வட்டாரத்து மொழித்தாளாக இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஆட்சேபணை. நிலத்தில் உரிமை உள்ளவர்கள் 21 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். சட்டம் அரசிதழில் வரும் அறிவிக்கையைத்தான் குறிப்பிடுகிறது. ஆகவே அரசிதழ் தேதியிலிருந்தே நாளை எண்ணுவது பாதுகாப்பானது. செய்தித்தாளில் சில நாள் கழித்து வந்தால் கையில் இருக்கும் நாள் இன்னும் குறைவு.

மனு எழுதியவரை நில எடுப்பு அதிகாரி அழைத்து விசாரிக்க வேண்டும். அவர் தாமே போய்ப் பேசலாம். வக்கீலையும் அனுப்பலாம். அதன்பின் அதிகாரி மனுவை ஏற்றோ தள்ளியோ உத்தரவு போடுவார். அந்த உத்தரவே முடிவானது என்று சட்டம் சொல்கிறது.

மூன்றாம் படி: பிரகடனம். அரசு இதை அரசிதழில் வெளியிட்டதும் நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமாகிவிடும். முதல் அறிவிக்கை வந்து ஒரு வருடத்துக்குள் பிரகடனம் வராவிட்டால் அந்த அறிவிக்கை செல்லாது. நீதிமன்றத் தடை இருந்த காலம் இந்தக் கணக்கில் சேராது.

நான்காம் படி: பணமும் ஒப்படைப்பும். அதிகாரி இழப்பீட்டை முடிவு செய்வார். அந்தப் பணத்தை அரசு கட்டிய பிறகுதான் நிலத்தை ஒப்படைக்கச் சொல்லி நோட்டீசு தரலாம். நோட்டீசு கிடைத்த 60 நாளுக்குள் நிலத்தை விட வேண்டும்.

21 நாள் ஏன் முக்கியம்?

பலருக்கு நிலம் போகிற செய்தி சர்வே கல் நடும்போதுதான் தெரிகிறது. அதற்குள் 21 நாள் கழிந்துவிட்டிருக்கும். செய்தித்தாளின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் சர்வே எண்கள் வரிசையாக இருக்கும். தன் சர்வே எண்ணைத் தெரிந்தவருக்குத்தான் அது தன் நிலம் என்று புரியும். சர்வே எண் தெரியாதவருக்கு அது வெறும் எண்.

ஆட்சேபணை மனுவில் காரணம் இருக்க வேண்டும். "என் வயிற்றில் அடிக்காதீர்கள்" என்று எழுதுவது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து அதிகாரி எதையும் மாற்ற முடியாது. "சாலையின் மறுபுறம் அரசுப் புறம்போக்கு காலியாக இருக்கிறது", "அளவு தவறாக இருக்கிறது", "பாசனக் கால்வாய் துண்டிக்கப்படுகிறது", "பள்ளிக்கூடத்துக்கு வழி அடைபடுகிறது" என்று எழுதினால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தபாலில் அனுப்பினால், போய்ச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும் வகையில் அனுப்ப வேண்டும்.

விலை எப்படிப் போடுகிறார்கள்?

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இழப்பீட்டு முறை 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைக்கும் பொருந்தும். அரசின் வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். முந்தைய 3 ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் பதிவான பத்திரங்களின்படி வரும் சராசரி விலை மறு பக்கம். பத்திரங்களில் விலை அதிகமாக உள்ள பாதியை மட்டும் எடுத்துச் சராசரி போட வேண்டும். வழிகாட்டி மதிப்பு, சராசரி விலை இரண்டில் எது அதிகமோ அதுவே சந்தை மதிப்பு. முதல் அறிவிக்கை வந்த நாளின் மதிப்பே கணக்கு.

கிராமப்புறமானால் அந்த மதிப்பை 1 முதல் 2 வரை ஓர் எண்ணால் பெருக்குவார்கள். நகர்ப்புறமானால் பெருக்கும் எண் 1. பிறகு வீடு, கிணறு, மரம் ஆகியவற்றின் மதிப்பைச் சேர்ப்பார்கள். வந்த தொகைக்குச் சமமாக இன்னொரு பங்கை ஆறுதல் தொகையாகக் கொடுக்க வேண்டும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். நிலத்தின் சந்தை மதிப்பு 10 லட்சம் ரூபாய். பெருக்கும் எண் 2. ஆகவே 20 லட்சம். கிணறும் மரங்களும் 2 லட்சம். மொத்தம் 22 லட்சம். ஆறுதல் தொகை இன்னொரு 22 லட்சம். ஆக 44 லட்சம் ரூபாய்.

இங்கே ஒரு பழைய பழக்கம் காலை வாருகிறது. முத்திரைச் செலவை மிச்சம் பிடிக்கப் பலர் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுகிறார்கள். 10 லட்சத்துக்கு வாங்கியதை 4 லட்சம் என்று பதிவு செய்கிறார்கள். நாளை சாலைக்கு நிலம் போகும்போது அதிகாரி பார்ப்பது பத்திரத்தைத்தான். ஒருவர் குறைத்து எழுதினால் அந்த ஊர் முழுவதற்கும் விலை குறைகிறது.

மிச்ச நிலம், வாடகைக் கடை

சாலையை அகலப்படுத்தும்போது பெரும்பாலும் ஒரு பகுதி நிலம்தான் போகும். மிச்ச நிலம் துண்டாகிப் பயனற்றுப் போகலாம். கிணறு இந்தப் பக்கமும் வயல் அந்தப் பக்கமும் ஆகலாம். இந்த நஷ்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 1956 சட்டமே சொல்கிறது. வீட்டையோ தொழிலையோ வேறிடம் மாற்ற நேர்ந்தால் அந்தச் செலவையும் கேட்கலாம். ஆனால் கேட்டு எழுதினால்தான் அது கோப்பில் ஏறும்.

நிலம் சொந்தமாக இல்லாதவர்களையும் 2013 சட்டம் நினைத்துப் பார்க்கிறது. அந்த நிலத்தில் மூன்று ஆண்டுகளாகப் பிழைத்துவந்த குத்தகைதாரர், கூலித் தொழிலாளி, கைவினைஞர் ஆகியோரின் குடும்பங்களும் பாதிக்கப்பட்ட குடும்பங்களே. வீட்டை விட்டு வெளியேற நேரும் குடும்பத்துக்கு ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய் என்றும், சாமான் கொண்டுபோக 50,000 ரூபாய் என்றும் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது.

விலை போதாவிட்டால்

ஆட்சேபணைக் கதவு 21 நாளில் மூடிவிடும். விலைக் கதவு அப்படி அல்ல. அதிகாரி போட்ட தொகை போதாது என்றால், மத்திய அரசு நியமித்துள்ள நடுவரிடம் மனுச் செய்யலாம். அவர் தீர்ப்பும் சரியில்லை என்றால் மாவட்ட நீதிமன்றம் போகலாம். அதற்குக் கெடு 3 மாதம். பணத்தை வாங்கும்போது "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுவது நல்லது.

விடாமல் கேட்டதற்குப் பலன் கிடைத்ததும் உண்டு. 1997 முதல் 2014 வரை தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு ஆறுதல் தொகையும் வட்டியும் இல்லை என்றிருந்தது. மற்றக் காரியங்களுக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு அவை கிடைத்தன. இது சமத்துவம் அல்ல என்று நிலத்துக்காரர்கள் வழக்காடினார்கள். 2019 செப்டம்பரில் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு இனிமேல் எடுக்கும் நிலத்துக்கு மட்டும் என்று நெடுஞ்சாலை ஆணையம் கேட்டது. 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது.

கேரளத்தில் நடந்தது

கேரளம் ஒடுங்கிய மாநிலம். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கும். அங்கே 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை 45 மீட்டர் அகலமாக்கத் திட்டம் வந்தது. 30 மீட்டர் போதும் என்று பலர் எதிர்த்தார்கள். வேலை ஆண்டுக்கணக்கில் நின்றது. கடைசியில் 45 மீட்டர் என்றே முடிவானது. நிலத்தின் விலை மிக அதிகம் என்பதால் அந்தச் செலவில் 25 சதவீதத்தை மாநில அரசு ஏற்க ஒப்புக்கொண்டது.

அந்தச் சாலைக்காகக் கண்ணூர் மாவட்டம் கீழாற்றூரில் நெல் வயல் வழியாகப் புறவழிச் சாலை வகுத்தார்கள். வயலைக் காக்க ஊர் மக்கள் "வயல்கிளிகள்" என்ற பெயரில் திரண்டார்கள். 2018-இல் அந்தப் போராட்டம் நாடு முழுவதும் பேசப்பட்டது. ஆனாலும் புறவழிச் சாலை வயல் வழியாகவே போனது. வரைபடம் முடிவான பிறகு பாதையை மாற்றுவது மிகக் கடினம். பேச வேண்டியதைத் தொடக்கத்திலேயே பேச வேண்டும்.

காகிதம் சரியாக இருக்கட்டும்

பணம் யாருக்கு என்பதை நில ஆவணம்தான் சொல்லும். தமிழ்நாட்டில் பட்டா, கர்நாடகத்தில் பஹணி, மகாராஷ்டிரத்தில் சாத்-பாரா, உத்தரப் பிரதேசத்தில் கத்தௌனி, பஞ்சாபில் ஜமாபந்தி என்று அதற்குப் பல பெயர். இறந்துபோன தாத்தா பெயரிலேயே அது இருந்தால் வாரிசுகள் அலைய நேரும். பங்காளிகளுக்குள் தகராறு வந்தால் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகும். தீரும் வரை பணம் கைக்கு வராது. 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தத்துக்குப் பிறகு கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. ஆகவே இழப்பீட்டிலும் அவளுக்குப் பங்கு உண்டு.

நினைவில் வைக்க வேண்டியவை

1. நிலத்தின் சர்வே எண்ணும் பரப்பும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2. நில ஆவணம் இன்று உயிரோடு இருப்பவர் பெயரில் இருக்க வேண்டும்.

3. சாலை வேலை பற்றிய பேச்சு வந்தவுடன் செய்தித்தாளில் அறிவிக்கையைத் தேட வேண்டும். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துச் சொல்ல வேண்டும்.

4. ஆட்சேபணையை 21 நாளுக்குள், காரணத்துடன், எழுத்தில் கொடுக்க வேண்டும்.

5. புரியாத காகிதத்தில் கையெழுத்தோ கைரேகையோ வைக்கக் கூடாது.

6. விலை போதாவிட்டால் நடுவரிடம் போகத் தாமதிக்கக் கூடாது.

சாலை வந்தே தீரும் இடத்திலும், நிலத்துக்கு நியாயமான விலை தானாக வந்துவிடாது. கேட்டு வாங்க வேண்டும். எழுதிக் கேட்க வேண்டும்.