குதிரைக்குச் சோறு போட்டால்

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வினோதமான கணக்கை எழுதிவைத்திருக்கிறார். இங்கே குதிரை வளர்ப்பு இல்லை. அரேபிய, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. அரசர் ஒருவரே ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் வாங்கினார். அவருடைய சகோதரர்களும் அப்படியே. ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாதாம். எண்ணிக்கையில் பயணிகளுக்கே உரிய தாராளம் இருக்கலாம். அவர் சொல்லும் காரணங்களைத்தான் கவனிக்க வேண்டும். லாடம் கட்டி வைத்தியமும் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. அப்படிப்பட்டவர்களைக் குதிரை வியாபாரிகள் இந்தப் பக்கம் வரவிடவும் இல்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்! போதாக்குறைக்கு, குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டார்கள்.

இறைச்சி என்றதும் நாம் திடுக்கிடுகிறோம். என் பார்வையில் பெரிய குற்றவாளி சோறுதான். ஏன் என்று தெரிய, குதிரையின் வயிற்றுக்குள் போக வேண்டும். லாயத்தில் புதிதாகச் சேருபவருக்குச் சொல்லித்தரும் விதிகளில் பாதிக்குமேல் அங்கிருந்துதான் வருகின்றன.

450 கிலோ எடையுள்ள குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். நம் வீட்டுத் தண்ணீர்க் குடம் அளவு. மாட்டைப் போல விழுங்கிவைத்துப் பிறகு அசைபோடும் வசதியும் அதற்கில்லை. புல்வெளியில் விட்டால் நடந்துகொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக, நாளின் பெரும்பகுதி மேய்ந்துகொண்டிருக்கும். அந்த வாழ்க்கைக்கு ஏற்ப இரைப்பை இடைவிடாமல் அமிலம் சுரக்கிறது, உள்ளே தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மென்றால் மட்டுமே ஊறும். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்று வைத்துவிட்டு நடுவில் சும்மா கட்டிப்போட்டால் அமிலம் இரைப்பையின் மேல்பகுதியை அரிக்கத் தொடங்கும். பந்தயக் குதிரைகளிடம் வயிற்றுப்புண் சர்வ சாதாரணம்.

இன்னொரு சங்கடம், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் உள்ள தசைவளையம் அவ்வளவு இறுக்கம். தின்ற தீனி புளித்து உள்ளே வாயு பொங்கினால் மேல்வழியாக வெளியேறாது. இரைப்பை கிழிந்து இறந்துபோவதும் உண்டு.

உண்மையான சமையல் நடப்பது குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும். நமக்குச் சுண்டுவிரலளவு வாலோடு ஓரமாகக் கிடக்கும் குருட்டுக்குடல், குதிரைக்குச் சுமார் ஒரு மீட்டர் நீளம். புல்லின் நாரைச் செரிக்கும் நொதி குதிரையிடம் கிடையாது. அங்கே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. அவற்றை உறிஞ்சித்தான் குதிரை ஓடுகிறது. ஆக, குதிரைக்காரர் தீனி வைப்பது பெரும்பாலும் இந்த நுண்ணுயிர்களுக்குத்தான்.

சோற்றில் இருப்பது மாவுச்சத்து. சிறுகுடல் அதை ஓரளவுக்குச் செரித்துவிடும். அளவு மீறினால் மிச்சம் அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்கே லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, புளிப்பு ஏற, நாரைச் செரிக்கும் கூட்டம் மடியும். மடிந்த பாக்டீரியாக்களின் நச்சு குடல்சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலக்கும். பிறகு நடப்பதுதான் விசித்திரம்: நோய் காலில் போய் வெளிப்படுகிறது. குளம்பின் ஓட்டுக்கும் உள்ளே இருக்கும் எலும்புக்கும் நடுவே, புத்தகத் தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகியதுபோல மெல்லிய மடிப்புகள் உள்ளன. குதிரையின் எடை முழுவதும் அவற்றில்தான் தொங்குகிறது. மடிப்புகள் வீங்கிப் பிடி தளர்ந்தால் எலும்பு கீழ்நோக்கித் திரும்பும். அதற்குமேல் குதிரையால் நிற்பதே கடினம்.

பாண்டிய நாட்டுக் குதிரைகள் எல்லாமே சோற்றால்தான் செத்தன என்று சொல்லிவிட முடியாது. கடிக்கும் ஈக்கள் பரப்பும் 'சர்ரா' என்ற நோயின் கிருமியை 1880-இல் பஞ்சாபில் கிரிஃபித் எவன்ஸ் கண்டுபிடித்தார். குதிரை, ஒட்டக ரத்தத்தில் நெளிந்த ஒட்டுண்ணி அது. புழுக்கமான நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்க்கும் திறனே நின்றுபோவதும் உண்டு. பாலைவனக் காற்றில் வளர்ந்தவற்றை நம் கடற்கரை வெக்கையில் இறக்கினால் என்ன பாடு பட்டிருக்கும்!

இனி லாயத்து வழக்கங்களைப் பார்த்தால் எல்லாமே ஒழுங்காகப் பொருந்தும். உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம், அதாவது 450 கிலோ குதிரைக்கு 7 முதல் 9 கிலோ உலர்புல், பல வேளையாகப் பிரித்து. ஓட்ஸோ நம் ஊர் வேகவைத்த கொள்ளோ, வேலைக்கு ஏற்றபடி, ஒரு வேளைக்குக் கொஞ்சமாக. தண்ணீர் நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல், வெயிலில் அதற்கும் மேல். குறைந்தால் பெருங்குடல் வளைந்து குறுகும் இடத்தில் தீனி காய்ந்து அடைத்துக்கொள்ளும். தீவனத்தை மாற்றுவதானால் ஏழு முதல் பத்து நாளில், பழையதோடு புதியதைக் கலந்து கலந்து. குதிரையின் நாக்கு ஒரே நாளில் பழகிவிடும். நுண்ணுயிர்க் கூட்டத்துக்குத்தான் அவகாசம் வேண்டும்.

மணல் தரையில் தீனியைக் கொட்டக் கூடாது. மணலும் சேர்ந்து போய்க் குடலடியில் படியும். சந்தேகம் இருந்தால் ஐந்தாறு லத்தி உருண்டைகளை வாளித் தண்ணீரில் கரைத்துச் சற்று நேரம் விட்டுப் பாருங்கள். மணல் போயிருந்தால் பல சமயம் அடியில் தங்கும். இன்னொரு எளிய சோதனை, விலாவுக்குப் பின்னால் காதை வைத்துக் கேட்பது. நல்ல குடல் கடகடவென்று உருளும்; நடுநடுவே தூரத்து இடிபோல ஒரு முழக்கம் வரும். சத்தமே இல்லையென்றால்தான் பயப்பட வேண்டும். கூடவே குதிரை தரையைக் கால்களால் பறித்து, தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்து, விழுந்து புரண்டால் தீனியை எடுத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். நிற்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. வலி ஏறினால் அது 60-ஐத் தாண்டும். இந்த எண்ணைத் தொலைபேசியிலேயே சொன்னால் மருத்துவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

குதிரை குட்டி ஈன்ற லாயத்தில் புதியவர்களை முகம் சுளிக்கவைக்கும் காட்சி ஒன்று உண்டு. பிறந்த சில நாள்களிலேயே குட்டி தாயின் லத்தியைத் தின்னும். விரட்ட வேண்டாம். வெறுங்குடலோடு பிறந்த அது, புல்லைச் செரிக்கத் தேவையான நுண்ணுயிர்களை அப்படித்தான் உள்ளே சேர்த்துக்கொள்கிறது என்று கருதுகிறார்கள்.